ஓவசியரின் கல்வெட்டும் என் சோளப் பாத்தியும்

ஒரு வீட்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அந்தக் காலத்தில் மாங்குளத்தில் இருக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. (பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வயதில் அதை ஏன் ஒளிப்பான்?) சண்டைக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகின கை இது. சைக்கிள் கரியரில் என்ன ஏறும், உழவு இயந்திரப் பெட்டியில் எதை அடியில் வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பாரமாகவும் இருந்து பாவிக்காமலும் கிடந்தால், அதை விட்டுவிட்டு நடக்க வேண்டும். இதுதான் என் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். ஒருமுறை ஓடும்போது, தினமும் பாவிக்கிற சாமான் என்று அம்மியை மினக்கெட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தேன். குழவி ஒரு மூலையில் சும்மா கிடந்தது. அதை விட்டுவிட்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில் மிளகாயை அம்மியில் வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அவர் கேட்டார்: "இஞ்சாரும், இனி இதிலை என்ன செய்யப் போறீர், தலை வைச்சுப் படுக்கப் போறீரோ?"

இதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்பதுதான் இங்கே கதை.

சமாதான காலத்தில், சண்டையால் மூடிக் கிடந்த றோட்டுத் திறந்தபோது என் மருமகள் சுகந்தி மாங்குளம் சந்தியில் ஒரு ரைப்பிங் கடை போட்டாள். ஒரு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், வெளியே தடதடவென்று ஒரு ஜெனரேற்றர். கம்பியூட்டர் கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. நான் மத்தியானச் சாப்பாடு கொண்டு போனால் பொழுதுபடும் வரைக்கும் அவளுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு இருந்து பார்ப்பேன். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இலக்கம் நன்றாகத் தெரியும். இங்கிலீசு எழுத்து எனக்குக் கோழி கிண்டின மண். ஆனால் படம் பார்த்து, எந்த இடத்தில் அமத்தினாள் என்று பார்த்து, கம்பியூட்டர் என்பது கண்ணால் பிடிக்கக்கூடிய வித்தை என்று நான் முடிவு செய்துவிட்டேன். சீட்டு விளையாட்டைத் திறந்து நானே விளையாடுவேன். அதற்கு மேலே படிக்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் ஓவசியர் காலமானார். நீர்ப்பாசனப் பகுதியில் மேற்பார்வை வேலை செய்து பென்சனோடு இளைப்பாறினவர், நல்ல மனிதர். வாயைத் திறந்தால் பாதி இங்கிலீசுதான். வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கும் இங்கிலீசில்தான் கட்டளை. அவருடைய மனைவி பாறுபதி அக்கா என்னைவிட மூத்தவ. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்து அனுப்ப வேண்டும். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முன்பக்கத்தில் செத்தவரின் படம், உள்ளே அவருடைய வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்புகிற பாட்டு, கடைசிப் பக்கத்தில் உதவி செய்த எல்லாருக்கும் நன்றி. அந்தியேட்டியைப் பின்போட முடியாது. கல்வெட்டு இல்லாமல் அந்தியேட்டி செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தே பாறுபதி அக்காவுக்கு நித்திரை இல்லை.

"சுகந்தி, அவரின்ரை படம் எண்டு என்னட்டை இருக்கிறது இந்த ஒண்டுதான். மற்றதெல்லாம் ஓட்டத்திலை போயிட்டுது. பிள்ளை, கவனமாய்ச் செய்து தா" என்று ஒரு பழைய படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தா. அந்தியேட்டி வெள்ளிக்கிழமை.

சுகந்தி திங்கட்கிழமைக்குள் முழுவதையும் அடித்து முடித்துவிட்டாள். படத்தை ஏற்றப் போனபோது கம்பியூட்டர் மாட்டேன் என்றது.

"என்ன பிள்ளை சொல்லுது?"

"இடம் போதாதாம் மாமி. பழைய ஆக்கள் போட்டுவிட்ட விளையாட்டும் வேண்டாத சாமானும் கன கிடக்கு. எடுக்கவேணும்."

அவள் ஒரு பட்டியலைத் திறந்தாள். வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் குட்டிக் குட்டிப் படம், வலது பக்கத்தில் இலக்கம். காரோட்டுகிற விளையாட்டு ஒன்றை அமத்தினாள். ஏதோ கேட்டது. இடது பக்கப் பொத்தானை அமத்தினாள். போய்விட்டது.

"உந்த இலக்கம் என்ன?"

"அது எவ்வளவு இடம் பிடிக்குதெண்டது. பெரிய இலக்கமெண்டால் பெரிய சாமான்."

எனக்கு அது போதும். பாரம் எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிற மூட்டை! வாழ்நாளில் ஒரு ஓட்டத்திலும் எனக்கு இப்படி ஒரு வசதி கிடைக்கவில்லை.

மறுநாள் சுகந்தி தாளும் மையும் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனாள். "மாமி, கடையிலை இருங்கோ. ஆரும் வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கோ. வந்துதான் மிச்சத்தை எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வந்து அவள் எடுப்பாளாம். அந்த வேகாத வெயிலில் பஸ்ஸில் போய்க் களைத்து வருகிற பிள்ளை வந்து வேறு மினக்கெட வேண்டுமா? நான் என்ன, சும்மா கதிரைக்குப் பாரமாக இருக்கிற ஆளா?

பட்டியலைத் திறந்தேன். (இதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஒரு எழுத்துத் தெரியாமல் திறந்தேன்.) இலக்கம் பெரிதாக இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பந்துப் படம் போட்டது, வேண்டாம். கப்பல் படம், மாங்குளத்தில் கப்பல் எதற்கு, வேண்டாம். ஒரு எழுத்து மட்டும் படமாகப் போட்ட ஒன்று பெரிய இலக்கத்தோடு இருந்தது. சுகந்தி அதைத் திறந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. மூலையில் சும்மா கிடக்கிற சாமான். வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் கம்பியூட்டர் ஏதோ கேட்டது. நான் இடது பக்கத்தை அமத்தினேன். நடுவில் ஒரு தடவை வழக்கத்தைவிட நீளமாக, மஞ்சள் முக்கோணமும் போட்டுக் கேட்டது. பொத்தானும் வழக்கமான இரண்டு இல்லை, நிறைய இருந்தன. முதலாவதை அமத்தினால் திரும்பத் திரும்ப அதையே கேட்டது. சரி என்று அடுத்ததை அமத்தினேன். வாய் மூடிக்கொண்டது. 'இப்படித்தான், கண்டிப்பாக இருக்கவேணும்' என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியல் சுருங்கச் சுருங்க எனக்குப் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கினது போல ஒரு நிறைவு. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

அப்போதுதான் பாறுபதி அக்கா வந்தா.

"தங்கரத்தினம், அவரின்ரை கல்வெட்டு எந்தளவிலை நிக்குது?"

நாளைக்கு வரச் சொல்லுங்கோ என்று மருமகள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் ஒரு மூத்த மனுசி வெயிலில் நடந்து வந்து கேட்கும்போது, தெரிந்த ஆள் தெரியாதது போல நிற்பது எப்படி? "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று கதிரையைத் தள்ளிக் கொடுத்து, கல்வெட்டைத் திறந்தேன்.

திறந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பக்கம் பக்கமாக எல்லாம் இங்கிலீசு எழுத்து.

மூடிவிட்டு இன்னொருமுறை திறந்தேன், அதேதான். பிறகு யோசித்தேன். இடமில்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மெசின். இப்போது பாரம் எல்லாம் இறக்கிவிட்டேன். தெம்பு வந்து இங்கிலீசிலும் எழுதிவிட்டதாக்கும்!

"அக்கா, பாருங்கோ, இங்கிலீசிலையும் வந்திருக்கு. வெளிநாட்டிலை இருக்கிற பேரப்பிள்ளையளுக்கும் விளங்கவேணுமெல்லே."

பாறுபதி அக்காவுக்கும் இங்கிலீசு தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தா. கண் கலங்கிவிட்டது.

"ஐயோ தங்கரத்தினம், அவருக்கு இங்கிலீசெண்டால் உயிர். தன்னைப் பற்றி இங்கிலீசிலை எழுதிக் கிடக்கிறதைப் பாக்க அந்த மனிசன் இல்லையே. உன்ரை மருமேள் நல்லா இருக்கவேணும்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா. போகிற வழியில் கடைகடையாக நின்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போனா என்பது பிறகுதான் தெரிந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் புடவைக்கடை வைத்திருந்த றகீம் நானா அன்று பின்னேரம் என்னைக் கண்டு, "என்ன தங்கரத்தினம் அக்கா, ஓவசியருக்கு இங்கிலீசுக் கல்வெட்டாமே! மகாராணிக்கும் ஒரு பிரதி அனுப்புறதோ?" என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு சிரித்தேன்.

சுகந்தி வந்தாள். தாள்க்கட்டை இறக்கி வைத்தாள். நான் சொல்ல முன்னமே கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். கல்வெட்டைத் திறந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"மாமி, என்ன செய்தனீங்கள்?"

"வேண்டாததுகளை எடுத்துவிட்டனான் பிள்ளை. உனக்கு உதவியாய் இருக்கட்டுமெண்டு."

"ஐயோ மாமி, நீங்கள் எடுத்தது தமிழ் எழுத்தை!"

விசயம் அப்போதுதான் விளங்கியது. அந்த எழுத்துப் படம் போட்ட சாமான்தான் தமிழ் அடிக்கிறதுக்கான புரோகிராமாம். அவள் அதைத் திறப்பதே இல்லையாம், அது பாட்டுக்குப் பின்னால் இருந்து வேலை செய்யுமாம். அது போனதும் அதோடு வந்த எழுத்துகளும் போய்விட்டன. கம்பியூட்டர் இங்கிலீசில் ஒன்றும் எழுதவில்லை. தமிழ் எழுத்தைக் காணாமல் கையில் கிடைத்த எழுத்தைப் போட்டு உளறியிருக்கிறது. அதோடும் முடியவில்லை. படம் போடுகிற புரோகிராம் திறக்க மறுத்தது. பிரிண்டரும் அசையவில்லை.

"அதுகளை நான் தொடேல்லையே!"

"மஞ்சள் முக்கோணத்தோடை ஏதும் கேட்டதோ?"

"கேட்டது. ஓமெண்டனான்."

"மாமி, அது என்ன கேட்டதெண்டால்... 'இந்தச் சாமானை வேறை ஆக்களும் பாவிக்கினம் போலை கிடக்கு, எடுத்தால் அவைக்கு வேலை செய்யாமல் போகலாம், எடுக்கட்டோ' எண்டு."

"நான் அதுக்கு..."

"எல்லாத்துக்கும் ஓமெண்டு அமத்தியிருக்கிறியள். இதுகள் தனித்தனியாய் இருக்கிறேல்லை மாமி. ஒண்டு மற்றதிலை சாய்ஞ்சுகொண்டிருக்கும். ஒண்டைப் பிடுங்கினால் பக்கத்திலை நிண்டதும் விழும்."

வாசலில் நின்ற எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மி இருக்கு. குழவியைத்தான் காணேல்லை" என்றார். அந்த நேரத்தில் அவரை நான் பார்த்த பார்வையில் அவர் ஜெனரேற்றருக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டார்.

"சரி, பயப்படாதையுங்கோ மாமி. சீடிகள் கிடக்கு. திருப்பிப் போடுவம்" என்று சுகந்தி அலுமாரித் தட்டில் கையை வைத்தாள். தட்டு வெறுமை.

இனி நான் எப்படிச் சொல்வேன்? அந்தச் சீடிகள் மாதக்கணக்காக ஒருவரும் தொடாமல் தூசி பிடித்துக் கிடந்தன. என் சட்டப்படி அவை எப்போதோ தள்ளப்பட்டவை. எங்கள் வளவில் நான் சோளன் போட்டிருந்தேன். கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. வெயில் பட்டால் மின்னுகிற சாமானைக் கண்டால் கிளி கிட்ட வராது. ஆகவே...

"பிள்ளை, அது சோளப் பாத்தியிலை தொங்குது."

சுகந்தி அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இதுதான்: "கிளி வராமல் நிண்டதோ மாமி?"

"நிண்டது பிள்ளை."

"ஏதோ ஒண்டாவது வேலை செய்திருக்கு."

இந்தப் பிள்ளையை எனக்கு மருமகளாகத் தந்ததற்கு வற்றாப்பளை அம்மனுக்கு நான் அன்றைக்கு மனதுக்குள் நேர்ந்த பொங்கலை, பிறகு போய்ப் பொங்கியே விட்டேன்.

மறுநாள் விடிய, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோளனுக்குள் இறங்கினேன். ஒவ்வொரு தடியாகக் கயிறு அவிழ்த்தேன். காகம் எச்சமிட்டிருந்தது. காற்றில் தடியோடு அடிபட்டு உரஞ்சியிருந்தது. வெயில் ஏறி, வியர்த்து விறுவிறுத்து, சீடிகளை மடியில் கட்டிக்கொண்டு நான் வேலியோரமாக ஓடினதைப் பாறுபதி அக்கா தன் படலையில் நின்று கண்டா. "ஏன் தங்கரத்தினம் உந்த வெயிலுக்கை ஓடுறாய்?" என்றா. "கல்வெட்டு அலுவல் அக்கா!" என்று ஓடிக்கொண்டே சொன்னேன்.

சுகந்தி சவர்க்காரத் தண்ணியில் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் வில்லங்கம். ஒன்றைப் போடப் போனால், முதலில் மற்றதைக் கொண்டுவா என்றது. மற்றதைப் போட்டால் அது வேறொன்றைக் கேட்டது. கலியாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிடப் போனால், அவர் தன் மச்சானைக் கேட்டு, மச்சான் தன் சகலனைக் கேட்ட மாதிரி. வரிசை தப்பாமல் ஒவ்வொருவராக அழைத்து, பின்னேரத்துக்குள் பிரிண்டர் வந்தது, படம் போடுகிற புரோகிராம் வந்தது. தமிழ்ச் சீடி மட்டும் உள்ளே போய்க் கரகரவென்று இரைந்துவிட்டு வெளியே வந்தது. அதைத்தான் நான் பாத்தியின் நடுவில், கிளிகள் அதிகம் வருகிற இடத்தில் கட்டியிருந்தேன்.

கல்வெட்டு இல்லாத அந்தியேட்டி என் கண்ணில் தெரிந்தது. அதுவும், இங்கிலீசில் வருகிறது என்று ஊரெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற கல்வெட்டு.

"பாறுபதி மாமியிட்டைக் கம்பியூட்டர் பிழைச்சுப் போச்சுதெண்டு சொல்லுவம். நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம்" என்றாள் சுகந்தி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் வாயில்லாத பெட்டிக்குப் பின்னால் ஒளிகிற ஆள் நானில்லை. அது பாவம், மஞ்சள் முக்கோணம் போட்டு என்னிடம் கேட்டுத்தான் செய்தது.

நானே போனேன். பாறுபதி அக்கா வாசலில் இருந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தா. முழுவதையும் சொன்னேன். சோளப் பாத்தி வரைக்கும் சொன்னேன். அவ சுளகை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அப்ப அது இங்கிலீசு இல்லையோ?"

"இல்லை அக்கா. அது ஒரு பாசையும் இல்லையாம். ஒருத்தருக்கும் விளங்காதாம்."

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறா என்று பக்கத்தில் போனேன். சிரிப்பு!

"எடி, அவர் உயிரோடை இருக்கேக்கை கதைச்ச இங்கிலீசும் அதுதானடி! வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் வந்து விளங்காமல் திரும்பிப் போனவர்." சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அது அழுகையாக மாறி, நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "எண்டாலும் தங்கரத்தினம், வெள்ளிக்கிழமைக்குத் தமிழிலை எப்பிடியும் வேணும்" என்றா.

திரும்பி வரும்போது றகீம் நானா கடை வாசலில் நின்றார். என் முகத்தைக் கண்டதும் பகிடியை விட்டுவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"இதுக்கே இந்த முழி? வவுனியாவிலை எங்கடை ராத்தாட மகன் அச்சகம்தானே வைச்சிருக்கான். நாளைக்கு விடிய நான் சாமான் எடுக்கப் போறன். அந்தத் தமிழ்ச் சீடியைக் கேட்டுக்கொண்டு வாறன்."

அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். நானாவும் எங்களைப் போல ஓடி, அலைந்து, திரும்பி வந்து கடை திறந்த மனிதர். வியாழன் பின்னேரம் பஸ் வந்து நிற்கும்வரை நான் சந்தியை விட்டு அசையவில்லை. அவர் இறங்கிப் புடவைக்கட்டைக் கடைக்குள் கொண்டுபோய் அவிழ்த்தார். சீத்தைத் துணி மடிப்புகளுக்கு நடுவில், கீறல் படாமல், ஒரு குழந்தைப்பிள்ளையைக் கிடத்தின மாதிரி அந்தச் சீடி.

"இந்தாங்கோ அக்கா. ஒண்டே ஒண்டுதான் கேட்பன். இதைக் கிளிக்குக் காட்டிப் போடாதையுங்கோ."

சுகந்தி போட்டாள். கம்பியூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. கல்வெட்டைத் திறந்தாள். அவ்வளவும் தமிழ்! அவள் அடித்த ஒரு எழுத்தும் அழியவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது. ஓவசியர் எழும்பி வந்து கதிரையில் இருந்தது போல் இருந்தது எனக்கு. படமும் ஏறியது. நான் எடுத்த கப்பலும் பந்தும் விட்ட இடம் அதற்குப் போதுமாக இருந்தது. (அதை நான் அப்போதே சுட்டிக்காட்டினேன். ஒருவரும் கவனிக்கவில்லை.)

வெள்ளிக்கிழமை அந்தியேட்டிப் பந்தியில் கல்வெட்டு கைகைக்குப் போனது. பாறுபதி அக்கா என்னைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்தா. முதல்நாள் இரகசியமாகச் சுகந்தியிடம் சொல்லிச் சேர்ப்பித்திருக்கிறா. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்: 'இக்கல்வெட்டு உரிய நாளில் வெளிவர, வெயிலென்றும் பாராது பாடுபட்ட திருமதி தங்கரத்தினம் அவர்களுக்கும்...' என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. சுகந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாயசம் பரிமாறுவதில் மிகவும் மும்முரமாக இருந்தாள்.

அதற்குப் பிறகு சில வருசத்தில் வந்த பெரிய ஓட்டத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கடை போனது, கம்பியூட்டர் போனது. அம்மியையும், பிறகு தேடி வாங்கின குழவியையும் சேர்த்தே விட்டுவிட்டு வந்தேன். ஆனால் மூட்டை கட்டும்போது அந்தக் கல்வெட்டு கையில் தட்டுப்பட்டது. பாவிக்காத சாமான். என் சட்டப்படி விட வேண்டியது. கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். வேறை ஆருக்கும் தேவைப்படுமோ? மஞ்சள் முக்கோணம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூட்டைக்குள் வைத்தேன்.

வவுனியாவில் பாறுபதி அக்காவைக் கண்டபோது அவவிடம் உடுத்த சேலையைத் தவிர ஒன்றும் இல்லை. ஓவசியரின் படமும் போய்விட்டது. நான் மூட்டையை அவிழ்த்துக் கல்வெட்டை எடுத்துக் கொடுத்தேன். அக்கா முன்பக்கத்தில் இருந்த அவருடைய முகத்தை விரலால் தடவித் தடவிக் கனநேரம் பார்த்தா. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "உன்ரை பேரைச் சும்மா போடுவிக்கேல்லையடி நான்" என்றா.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு பிய்ந்த கடகப் பெட்டியை எறிய முன்னமும், "மாமி, வேறை ஆரும் பாவிக்கினமோ?" என்று கேட்பார்கள். எந்தக் கேள்விக்கும் ஓம் சொல்ல எனக்கு மட்டும் அனுமதி இல்லை. இதை நான் சொல்லச் சொல்ல அடித்துத் தருகிறவளும் சுகந்திதான். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"மாமி, கட்டுரை நீண்டு போச்சு. அந்த அம்மிக் கதையை எடுத்துவிடட்டோ?"

"இருக்கட்டும் பிள்ளை" என்றேன். "மற்றதெல்லாம் அதிலைதான் சாய்ஞ்சுகொண்டு நிக்குது."